தாங்குவோரைத் தாங்குதல்



பாடசாலை அதிபராகக் கடமையாற்றுவோருக்கு ஆண்டுதோறும் தவறாது வரும் நாளொன்று உண்டு. முதலாந் தரத்திற் சேரவிருக்கும் பிள்ளைகளையும் அவர்தம் பெற்றோரையும் நேரிற் கண்டு பேசும் நாள் அது. புதுச் சட்டையும், எண்ணெய் வைத்து வாரிய தலையும், தாயின் சேலைத் தலைப்பைப் பற்றிய சிறு கையுமாகப் பிள்ளைகள் வருவர். முப்பது ஆண்டுக் கல்விச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்த நாள் அதுவென்றே சொல்லி வந்தேன். ஆயினும் அத்தகைய ஒரு நாளில் நான் செய்த பிழையொன்றைச் சொல்லித்தான் இன்றைய பேச்சைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், வன்னிப் பகுதியில் நான் அதிபராக இருந்த பாடசாலைக்கு ஓர் இளந்தாய் தம் மகனுடன் வந்திருந்தார். என் அறைக்கு வெளியே போடப்பட்டிருந்த வாங்கில் ஏனைய பெற்றோரும் வரிசையாக அமர்ந்திருந்தனர். பையனுக்கு ஐந்து வயது நிறைந்திருந்தது. மற்றப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்க, அவன் மட்டும் சுழலும் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தபடி நின்றான். பெயர் சொல்லி அழைத்தேன், திரும்பவில்லை. அவ்வேளையிற் பாடசாலை மணி அடித்தது. இரு கைகளாலும் காதுகளைப் பொத்திக்கொண்டு நிலத்தில் விழுந்து அலறத் தொடங்கினான். தூக்க முயன்ற தாயின் கையைக் கடித்தான். வாங்கிலிருந்த முதியவர் ஒருவர், “செல்லம் கூடிப் போச்சு. நாலு அடி போட்டு வளர்த்திருந்தால் இப்படி ஆடுவானோ?” என்றார். எவரும் மறுத்துரைக்கவில்லை. நானும் மறுத்துரைக்கவில்லை.

அத்தாயை உள்ளே அழைத்து, மிக இனிமையான குரலில், “அம்மா, பிள்ளை முதலில் நன்றாகக் கதைக்கத் தொடங்கட்டும். அடுத்த வருடம் பார்ப்போம்” என்றேன். “சரி ஐயா, நன்றி” என்று கூறிவிட்டு அவர் போய்விட்டார். அடுத்த வருடம் அவர் வரவில்லை. நானும் விசாரிக்கவில்லை.

அப்பிள்ளைக்கு இருந்தது ஆட்டிசம் என்னும் வளர்ச்சி வேறுபாடு என்பதைப் பின்னரே அறிந்தேன். தமிழில் இதனை மதியிறுக்கம் என வழங்குவோர் உளர். தற்புனைவு ஆழ்வு என்போரும் உளர். மதி இறுகிவிட்டது என்று சொல்லும்போதே பிள்ளையைப் பற்றி ஒரு தீர்ப்பு வந்துவிடுகிறது. ஆகையால், மக்கள் நாவிற் பழகிவிட்ட ஆட்டிசம் என்னும் சொல்லையே இங்கு ஆள்கின்றேன். கிரேக்க மொழியில் ‘தான்’ எனப் பொருள்படும் சொல்லினின்று பிறந்தது அது. 1943ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரிலே லியோ கனர் என்னும் மருத்துவர், தாம் கண்ட 11 பிள்ளைகளின் வரலாற்றை விரிவாக எழுதி வெளியிட்டார். அதற்கு அடுத்த ஆண்டு வியன்னா நகரில் ஹான்ஸ் அஸ்பேர்கர் என்பவரும் இதனையொத்த பிள்ளைகளைப் பற்றி எழுதினார். இத்தகைய பிள்ளைகள் அதற்கு முன்னரும் எல்லா நாடுகளிலும் பிறந்தே இருப்பர். அவர்களைக் குறிக்க ஒரு பெயர் அப்போதுதான் வாய்த்தது.

இது தொற்று நோயன்று, பைத்தியமுமன்று. மூளை வளரும் விதத்திலேயே அமைந்த ஒரு வேறுபாடு. பிறரோடு பார்வையாலும் சொல்லாலும் சைகையாலும் உறவாடுவதில் இடர்ப்பாடு காணப்படும். ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தலும், வழக்கமான ஒழுங்கு சிறிது மாறினாலும் கலங்குதலும், ஒலி, ஒளி, தொடுகை, சுவை ஆகியவற்றை மிகுதியாகவோ குறைவாகவோ உணர்தலும் உடனிருக்கும். எல்லாப் பிள்ளைகளும் ஒரே வகையினரல்லர். ஒரு சொல்லும் பேசாத பிள்ளையும் உண்டு. புகைவண்டி நேர அட்டவணையை ஒப்புவிக்கும் பிள்ளையும் உண்டு.

இஃது எங்கோ ஒரு வீட்டில் நிகழும் அபூர்வம் என எண்ணவேண்டா. 2021ஆம் ஆண்டு நிலவரப்படி உலகில் ஏறத்தாழ 127 பேருக்கு ஒருவர் ஆட்டிசம் உடையவர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. நமது இலங்கையில் ஓர் அரைநகர்ப் பகுதியில் 18 மாதம் முதல் 24 மாதம் வரையான குழந்தைகளைப் பரிசோதித்து 2009ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, 93 குழந்தைகளுக்கு ஒருவர் எனக் கண்டது. கணக்கை எளிதாக்கிப் பார்ப்போம். 300 பிள்ளைகள் கற்கும் ஒரு சிறு பாடசாலையின் சுற்றுவட்டாரத்தில் இரண்டு மூன்று குடும்பங்களாவது இவ்வாறு இருத்தல் கூடும். அவர்களை நாம் காணவில்லையென்றால், அவர்கள் வீட்டின் உள்ளே இருக்கிறார்கள் என்பதே பொருள்.

ஏன் உள்ளே இருக்கிறார்கள்? இவ்வினாவுக்கு விடை தேடினால், பிள்ளையைப் பற்றிய பேச்சு பெற்றோரைப் பற்றிய பேச்சாக மாறிவிடுகிறது.

ஆட்டிசத்தின் வரலாற்றிலே தாய்மார் மீது சுமத்தப்பட்ட பழியொன்று உண்டு. பிள்ளைகளின் பெற்றோர் அன்பு காட்டாத குளிர்ந்த உள்ளத்தினர் என்ற கருத்தை கனரே 1949ஆம் ஆண்டளவில் எழுத்திற் பதிந்தார். குளிர்பதனப் பெட்டி போன்ற தாய் என்ற கொடிய சொற்றொடர் அதிலிருந்து கிளைத்துப் பரவிற்று. 1967ஆம் ஆண்டில் புரூணோ பெற்றல்ஹைம் என்பவர் எழுதிய நூல் அப்பழியை மேலும் உறுதியாக்கிற்று. பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்தலே சிகிச்சை என நம்பியோரும் இருந்தனர். ஏற்கெனவே நொந்திருந்த பெண்ணிடம், “உன் பிள்ளை இவ்வாறானதற்கு நீயே காரணம்” என்று படித்தவர்களே கூறிய காலம் அது.

அப்பழியை உடைத்தவர்களுள் பெற்றோரே முன்னின்றனர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. பேர்ணாட் றிம்லண்ட் என்னும் உளவியலாளர் தாமே அத்தகைய பிள்ளையொன்றின் தந்தை. 1964ஆம் ஆண்டில் அவர் எழுதிய நூல், காரணம் தாயின் உள்ளத்தில் அன்று, பிள்ளையின் உடலமைப்பிலேயே உளதென வாதிட்டது. இங்கிலாந்தில் 1962ஆம் ஆண்டிலேயே பெற்றோர் சிலர் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்தனர். அவர்களுள் ஒருவரான லோர்ணா விங், மருத்துவராகவும் ஒரு மகளின் தாயாகவும் இருந்து, இத்துறையின் அறிவையே மாற்றியமைத்தார். 1969ஆம் ஆண்டில் அமெரிக்கப் பெற்றோர் சங்கக் கூட்டமொன்றில் முதியவரான கனர், பெற்றோரைக் குற்றத்தினின்று விடுவிப்பதாக வெளிப்படையாகவே கூறினார். 1977ஆம் ஆண்டில் 21 சோடி இரட்டையரை ஆராய்ந்த போல்ஸ்ரைன், றட்டர் என்னும் இருவரும், ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் 11 சோடியினருள் 4 சோடியில் இருவருக்கும் ஆட்டிசம் இருந்ததையும், ஏனைய 10 சோடியினருள் ஒன்றிலேனும் அவ்வாறில்லாமையையும் கண்டனர். பரம்பரைக் கூறுகளுக்குப் பெரும் பங்கு உண்டு என்பது அதன்பின் மேன்மேலும் உறுதியாயிற்று. தடுப்பூசியே காரணம் என்று கூறி 1998ஆம் ஆண்டில் வெளிவந்த கட்டுரையோ, 2010ஆம் ஆண்டில் அவ்விதழாலேயே மீளப்பெறப்பட்டது. ஆகவே தடுப்பூசிக்கு அஞ்சிப் பிள்ளையை வேறு நோய்களுக்கு இரையாக்குதல் தகாது.

மேனாட்டிலே தீர்ந்துபோன அவ்வழக்கு நம் ஊர் முற்றங்களில் இன்னும் தீரவில்லை. இங்கே குற்றப்பத்திரம் வேறு சொற்களில் எழுதப்படுகிறது. கருவுற்றிருந்த காலத்தில் கிரகணத்தன்று வெளியே வந்தாள் என்பர். கண்ணூறு பட்டது என்பர். முற்பிறப்பின் வினை என்பர். வேலைக்குப் போனதால் வந்தது என்பர். வேலைக்குப் போகாத தாயிடம், கைத்தொலைபேசியைக் கொடுத்ததால் வந்தது என்பர். நெடுநேரம் திரையைப் பார்த்திருத்தல் எந்தக் குழந்தைக்கும் நல்லதன்று. ஆனால் அதுவே ஆட்டிசத்தை உண்டாக்கியது என்று ஒரு தாயைக் குற்றஞ்சாட்டுதல் நியாயமன்று. ‘தாயைப் போலப் பிள்ளை’ என்ற பழமொழியை நாம் எவ்வளவோ இடங்களில் மகிழ்ச்சியோடு சொல்கிறோம். அதே பழமொழி ஒரு வீட்டில் எத்துணைக் கூரிய கத்தியாகிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

பாடசாலையை நாடி வந்த அந்தத் தாயை இரண்டு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் சந்தித்தேன். கல்விக் கூட்டமொன்றுக்காக யாழ்ப்பாணம் செல்ல விடிகாலையில் பஸ் ஏறியபோது, மகனை மடியிற் சாய்த்தபடி அவர் யன்னலோரம் அமர்ந்திருந்தார். மருத்துவமனையில் மாதம் ஒருமுறை நிகழும் சிகிச்சைக்குப் போவதாகக் கூறினார். பக்கத்து ஆசனம் வெறுமையாக இருந்தது. அமர்ந்தேன். “அன்று நான் அவ்வாறு சொல்லியிருக்கக் கூடாது” என்றேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், “அதற்கு முதல் எத்தனையோ பேர் சொன்னவை ஐயா, நீங்கள் மரியாதையாகச் சொன்னீர்கள்” என்றார். அச்சொல் என்னைச் சுட்டது.

அப்பயணத்தில் அவர் கூறியவற்றை, அவர் அனுமதியோடு, உங்களுக்குச் சொல்கிறேன். மகன் இரவில் மூன்று மணி நேரமே தொடர்ந்து உறங்குவான். அவன் விழித்தால் வீட்டில் ஒருவர் விழித்தே இருத்தல் வேண்டும். கதவைத் திறந்துகொண்டு கிணற்றடிக்குப் போய்விடுவான். வெள்ளைச் சோறும் உருளைக்கிழங்கும் தவிர வேறொன்றும் உண்ணான். குழம்பு ஒரு துளி பட்டாலும் தட்டைத் தள்ளிவிடுவான். கணவர் ஒரு கடையிற் கணக்கெழுதுகிறார். சிகிச்சைக்குப் போகும் நாளெல்லாம் ஒருவருக்கு வேலை இல்லை, கூலியும் இல்லை. கோயில் தேரை அவர் பார்த்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மேளமும் வெடியும் மகனுக்கு ஆகா. கல்யாண வீடுகளுக்கு முதலில் அவராகப் போகாமல் விட்டார். பின்னர் அழைப்பே வராமல் நின்றுவிட்டது. மூத்த மகளுக்கு ஒன்பது வயது. “தம்பி நித்திரை கொண்ட பிறகுதான் அம்மா என்னோடு கதைப்பா” என்று அவள் ஆசிரியையிடம் சொல்லியிருக்கிறாள்.

“இவ்வளவு வேலையையும் செய்துவிடுவேன் ஐயா. ‘நீ என்ன செய்தாய்’ என்று கேட்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை” என்றார் அவர்.

வேறு குறைபாடுகளுடைய பிள்ளைகளின் பெற்றோரிலும் ஆட்டிசம் உடைய பிள்ளைகளின் பெற்றோர் அதிக மன அழுத்தத்துக்கு ஆளாகின்றனர் என்பதைப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. இதன் காரணங்களுள் ஒன்று நாம் சிந்திக்கத்தக்கது. இப்பிள்ளையின் வேறுபாடு முகத்திலே எழுதப்படவில்லை. நடக்க இயலாத பிள்ளையைக் கண்டால் வழி விடுகிறோம். அழகிய முகமும் உறுதியான கால்களும் உடைய பிள்ளை கடைத்தெருவில் விழுந்து அலறினால், வளர்ப்பைப் பழிக்கிறோம். மற்றொரு காரணமும் உண்டு. களைத்த தாய்க்குக் குழந்தையின் புன்னகையே ஊதியம். ஆட்டிசம் உடைய பிள்ளையிடம் அன்பு இல்லாமலில்லை. அஃது வேறு வடிவில், வேறு வேளையில் வெளிப்படும். அதைப் படித்தறியக் காலமெடுக்கும். அதுவரை, கொடுத்துக்கொண்டே இருக்கும் ஒருவர், தாம் கொடுத்தது சென்று சேர்ந்ததோ என்று அறியாமல் கொடுக்க வேண்டியிருக்கிறது.

நம் பகுதிக்கே உரிய துயரமும் இதனோடு சேர்ந்துகொள்கிறது. ஒரு வளவுக்குள் அம்மம்மாவும் சித்தியும் மாமியும் இருந்து பிள்ளையைக் கைமாற்றி வளர்த்தது முன்னைய வாழ்வு. போரும் இடப்பெயர்வும் அதைச் சிதைத்தன. 2009ஆம் ஆண்டில் போர் முடிந்தபோது, பல குடும்பங்களில் ஒருவர் கனடாவிலும் ஒருவர் இலண்டனிலும் ஒருவர் மண்ணுக்குள்ளும் இருந்தனர். தொலைபேசியில் அன்பு வரும், பணமும் வரும். ஆனால் பிள்ளையை அரை மணி நேரம் பார்த்துக்கொள்ள ஒரு கை வராது.

இனி, செய்யத்தக்கவை யாவை என்பதைப் பார்ப்போம்.

முதலாவது, ஐயம் தோன்றினால் காத்திராதிருத்தல். ஒரு வயது நிறைந்தும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, ஒன்றரை வயதாகியும் விரும்பிய பொருளை விரலாற் சுட்டிக் காட்டாமை, கற்ற சொற்களை இழத்தல் ஆகியவை கவனிக்கத்தக்க குறிகள். “ஆண்பிள்ளை பிந்தித்தான் கதைப்பான், அவனுடைய தகப்பனும் அப்படித்தான்” என்ற ஆறுதல் பல வீடுகளில் இரண்டு மூன்று ஆண்டுகளை விழுங்கியிருக்கிறது. நம் நாட்டிலே பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு ஒன்று தரப்படுகிறது. நிறையைக் குறிப்பதற்கு மட்டும் உரியதன்று அது. எந்த மாதத்தில் எது கைவர வேண்டும் என்ற விவரமும் அதில் உண்டு. வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் அதனைக் காட்டிக் கேளுங்கள். அவர் சுகாதார வைத்திய அதிகாரியிடமும், அங்கிருந்து குழந்தை வைத்திய நிபுணரிடமும் செல்ல வழிகாட்டுவார். அரச மருத்துவமனையில் இதற்குக் கட்டணமில்லை. முற்றாகக் குணப்படுத்துகிறோம் என்று பெருந்தொகை கேட்போரிடம் நகையை அடகுவைத்துச் செல்லவேண்டா. ஆட்டிசத்தை நீக்கும் மருந்து உலகில் எங்கும் இல்லை. பேச்சு, விளையாட்டு, அன்றாடப் பழக்கம் ஆகியவற்றில் பொறுமையாகத் தரும் பயிற்சியே பிள்ளையை முன்னேற்றும்.

இரண்டாவது, பெற்றோருக்கே பயிற்சி. உலக சுகாதார நிறுவனம் வளர்ச்சி வேறுபாடுடைய பிள்ளைகளின் குடும்பங்களுக்கென ஒரு பயிற்சித் திட்டத்தை வகுத்துள்ளது. குழுவாகக் கூடும் 9 அமர்வுகளும், வீட்டுக்கு வந்து காணும் 3 சந்திப்புகளும் அதில் அடங்கும். சிறப்பு மருத்துவர்தாம் நடத்த வேண்டும் என்பதில்லை. பயிற்சி பெற்ற சமூக ஊழியரும் நடத்தலாம். குளிப்பாட்டும்போதும், உடுப்பு மடிக்கும்போதும், உணவு பரிமாறும்போதும் பிள்ளையோடு எவ்வாறு உறவாடுவது என்பதை அது கற்பிக்கிறது. அதே திட்டத்தில், பெற்றோர் தம் உடலையும் மனத்தையும் பேணுவதும் ஒரு பாடமாக வைக்கப்பட்டுள்ளது. தம்மைப் பேணுவது சுயநலம் என நம் தாய்மார் நினைக்கின்றனர். எண்ணெய் வற்றிய விளக்கைத் திட்டிப் பயனில்லை. எண்ணெய் விடுதலே முறை.

மூன்றாவது, வீட்டாரும் அயலாரும் செய்யத்தக்கது. பஸ்ஸிலே அத்தாயிடம், “உங்களுக்கு யாராவது உதவியாக இருந்தார்களா?” என்று கேட்டேன். பெரிய பெரிய உதவிகளைச் சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் சொன்னது இது: “பக்கத்து வீட்டு அக்கா செவ்வாயும் வெள்ளியும் பின்னேரம் வந்து இவனோடு இருப்பா. ஒன்றும் கேட்கமாட்டா. புத்தியும் சொல்லமாட்டா. நான் அந்த நேரம் தலைக்கு ஆறுதலாக முழுகுவேன் ஐயா.” கிழமையில் இரண்டு நாள் அவசரமின்றி நீராடுவதை ஒரு தாய் பெரும் பேறாகக் கருதும் நிலையை எண்ணிப் பாருங்கள். அந்த அயல்வீட்டுப் பெண் ஆட்டிசம் பற்றி ஒரு நூலும் படித்தவரல்லர். பையனுக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்பதைத் தாயிடம் கேட்டறிந்து, அதன்படி நடந்தார், அவ்வளவே. அவன் போத்தல் மூடிகளை வரிசையாக அடுக்குவான். அவரும் கூட இருந்து அடுக்குவார்.

தந்தையருக்கும் ஒரு சொல். ஆண்மக்கள் இத்துயரைப் பேசுவதில்லை. சிலர் வேலையில் மறைகின்றனர். சிலர் மதுவில் மறைகின்றனர். சிலர் மனைவியைக் குறை கூறுவதில் மறைகின்றனர். பிள்ளையைச் சிகிச்சைக்கு ஒரு முறை நீங்களே கூட்டிச் செல்லுங்கள். ஓர் இரவு நீங்கள் விழித்திருங்கள். பாட்டன் பாட்டிமாரே, மருமகளைக் குற்றங்கூறும் ஒரு சொல்லை விழுங்குவதும் பேரனுக்கு நீங்கள் செய்யும் சிகிச்சையே. சகோதரங்களையும் மறவாதீர்கள். அவர்களுக்கென ஒரு கால் மணி நேரமாவது ஒவ்வொரு நாளும் இருத்தல் வேண்டும்.

நான்காவது, பாடசாலையின் கடமை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் அங்கவீனம் உடையோரின் உரிமைகளைக் காக்கவென இயற்றப்பட்டது. கல்வி நிலையத்திற் சேர்ப்பதில் அவர்களுக்கு வேற்றுமை காட்டலாகாது என்பது அதன் விதி. 5 வயது முதல் 16 வயது வரை கட்டாயக் கல்வி என்பதும் நம் நாட்டின் விதி. ஆகவே, ‘அடுத்த வருடம் பார்ப்போம்’ என்று அன்று நான் கூறியது இரக்கமற்ற செயல் மட்டுமன்று, முறையற்ற செயலுமாகும். அதனை ஒரு பொது ஒலிபரப்பில் ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமுண்டு. இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் அதிபர் ஒருவராவது அவ்வார்த்தையைச் சொல்லாது விடுவாராயின் அவ்வெட்கம் வீண்போகாது.

அப்பையனை அவ்வாண்டே எங்கள் பாடசாலையிற் சேர்த்தோம். இங்கே அற்புதம் எதையும் நான் சொல்லப் போவதில்லை. முதல் மாதம் மிகக் கடினமாக இருந்தது. இளம் ஆசிரியை ஒருவர் இரண்டு முறை என் அறையில் வந்து அழுதார். பின்பு அத்தாயே எங்களுக்கு ஆசிரியரானார். மணி அடிப்பதற்குச் சற்று முன் அவனிடம் சைகையாற் சொல்லி, தலையைச் சுற்றி ஒரு துவாயைக் கட்டிவிடச் சொன்னார். அன்றைய பாடங்களின் ஒழுங்கைச் சிறு சிறு படங்களாக வரைந்து மேசையில் ஒட்டச் சொன்னார். கரும்பலகையின் பக்கமாக, யன்னலுக்குத் தொலைவாக இருத்தச் சொன்னார். களைத்தால் மாமரத்தடியில் பத்து நிமிடம் உலாவ விடச் சொன்னார். இவற்றுக்குச் செலவு ஒரு துவாயும் சில காகிதத் தாள்களுமே. இன்றும் அவன் அதிகம் பேசுவதில்லை. ஆனால் காலையில் வந்ததும் தன் மேசைக்குச் சென்று, அன்றைய முதற் படத்தை விரலாற் சுட்டிக் காட்டுகிறான். வகுப்புப் பிள்ளைகளோ எங்களை முந்திக்கொண்டார்கள். மணி அடிக்க முன் அவனிடம் ஓடிச்சென்று துவாயைக் கொடுப்பதற்கு அவர்களுக்குள்ளே ஒரு முறைப்பட்டியலே உண்டு.

பெற்றோரின் கூட்டம் ஒன்றும் தொடங்கினோம். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை காலையில் வகுப்பறை ஒன்றைத் திறந்து வைக்கிறோம். முதல் முறை அத்தாயும் இன்னொருவரும் மட்டுமே வந்தனர். இப்போது ஆறு தாய்மாரும் இரண்டு தந்தையரும் வருகின்றனர். ஒருவர் இருபது கிலோமீற்றர் தொலைவிலிருந்து வருகிறார். ஆசிரியர் இருவர் பிள்ளைகளை வெளியே விளையாட வைத்துக்கொள்வர். உள்ளே இவர்கள் பேசுவர். எந்த வைத்தியர் பொறுமையாகக் கேட்பார், எந்தக் கடைக்காரர் முகஞ்சுளிக்கமாட்டார், இரவில் உறக்கம் வர எது உதவிற்று என்பனவே பேச்சு. சில வேளைகளில் அழுவர். பல வேளைகளில் வாய்விட்டுச் சிரிப்பர். வெளியார் முன் சொன்னால் பழிக்கு இடமாகும் ஒன்றை, அங்கே சொல்லிச் சிரிக்கலாம். இலண்டனில் 1962இல் சில பெற்றோர் தொடங்கிய செயலின் மிகச் சிறிய சாயலே இது. இதற்குக் கட்டடம் வேண்டா, நிதி வேண்டா. ஒரு திறப்பும் ஒரு கேத்தல் தேநீரும் போதும்.

நேயர்களே, உங்கள் ஒழுங்கையிலும் இத்தகைய வீடொன்று இருக்கலாம். அவ்வீட்டுப் பிள்ளை அலறும் ஓசை உங்களுக்குக் கேட்டிருக்கலாம். அடுத்த முறை கேட்கும்போது ‘ஏன் இப்படி வளர்க்கிறார்கள்’ என்று எண்ணாதீர்கள். படலையைத் திறந்து உள்ளே செல்லுங்கள். காரணம் கேட்கவேண்டா, வைத்தியம் சொல்லவேண்டா, வேறொருவர் பிள்ளை பூரண குணமடைந்த கதையும் வேண்டா. “பிள்ளைக்கு எது விருப்பம்? நான் சிறிது நேரம் இருக்கட்டோ?” என்று மட்டும் கேளுங்கள். முதல் நாள் அவர்கள் தயங்குவர். பலமுறை நொந்தவர்கள் தயங்கத்தான் செய்வர். இரண்டாம் நாளும் செல்லுங்கள்.

ஊர்த் தேரை வடம்பிடிக்க நூறு பேர் வருகிறோம். அந்தத் தேரைப் பார்க்க வரமுடியாமல் வீட்டுக்குள் இருக்கும் அந்தத் தாய்க்கு, கிழமையில் ஓர் அரை மணி நேரம் கைகொடுக்க நம்மில் ஒருவர் முன்வருதல் அரிதோ?